பழைய கேமராவா, புது கேமராவா? கடனுக்கு முன் ஒரு கணக்கு

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் ஒரு கடன் மனு வைக்கப்பட்டிருக்கிறது. நம் கூட்டமைப்பில் ஐந்து பெண்கள் சேர்ந்து போட்டோ, வீடியோ தொழில் செய்து வருவது உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் இருப்பது கேனான் 1300டி என்ற கேமரா. இப்போது கேனான் ஆர்6 மார்க் 2 என்ற மிரர்லெஸ் கேமரா வாங்கக் கடன் கேட்டிருக்கிறார்கள்.

மனு வந்த நாள் முதல் இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழுகிறது. "போட்டோ புடிக்க இவ்ளோ பெரிய கடனா? செல்போன்லயே எடுத்துட்டுப் போலாமே" என்பது ஒன்று. "பெரிய கேமரா இல்லைன்னா கல்யாண ஆர்டரே வராது, கேட்டதைக் குடுத்துடுங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு. கூட்டமைப்பில் இருப்பது யார் பணம்? நூறும் இருநூறுமாக நாம் சேர்த்த சேமிப்பு. கேட்பவர்கள் யார்? நம்மில் ஐந்து பேர். கொடுக்கிற கையும் நம்முடையது, வாங்குகிற கையும் நம்முடையது. ஆகவே இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு எடுப்போம்.

கண்ணாடி உள்ளதும் இல்லாததும்

1300டி 2016-ம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. புதிதாகத் தொழில் கற்பவர்களுக்கான ஆரம்ப நிலை கேமரா. உள்ளே ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே போய் நம் கண்ணுக்குத் தெரியும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி 'டக்' என்று மேலே தூக்கிக்கொள்ளும். அப்போதுதான் வெளிச்சம் சென்சாருக்குப் போய்ப் படமாகும். சென்சார் என்பது பழைய காலத்து ஃபிலிம் சுருள் இருந்த இடத்தில் இன்று இருக்கும் சில்லு.

ஆர்6 மார்க் 2 அறிவிக்கப்பட்டது 2022 நவம்பரில். இதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. அதனால்தான் மிரர்லெஸ் என்கிறோம். சென்சார் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். அது பார்ப்பதை ஒரு குட்டித் திரை நம் கண்ணுக்குக் காட்டும். படம் இருட்டாக வருமா, வெளுத்துப் போகுமா என்பதை எடுக்கும் முன்பே அந்தத் திரையில் பார்த்துவிடலாம். புதிதாகக் கற்கும் பெண்ணுக்கு இது பெரிய உதவி.

ஆனால் திரை எப்போதும் எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீரும். கம்பெனி கணக்கின்படி 1300டி ஒரு பேட்டரியில் சுமார் 500 படம் எடுக்கும். ஆர்6 மார்க் 2-வில் கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தால் சுமார் 320 படம்தான். கண்ணாடி இல்லாததால் எடை குறைவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பேட்டரி, கார்டு சேர்த்து பழையது 485 கிராம், புதியது 670 கிராம்.

மெகாபிக்சல் மயக்கம்

கடைக்குப் போனால் முதலில் சொல்வது மெகாபிக்சல். பழையது 18, புதியது 24.2. இந்த வித்தியாசம் நம் தொழிலில் எவ்வளவு தூரம் தெரியும்? கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பழைய கேமரா படத்தின் நீளத்தில் 5184 புள்ளிகள் உண்டு. 18-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 288 புள்ளி. புதியதில் 6000 புள்ளிகள். அங்குலத்துக்கு 333. நல்ல அச்சுக்கு 300 என்பது பொதுவான அளவு. அதாவது, பழைய கேமராவில் முழுப் பக்கத்துக்கு அச்சிட்டாலும் பெரிய குறை ஒன்றும் தெரியாது. மெகாபிக்சலுக்காக மட்டும் யாரும் கடன் வாங்க வேண்டாம்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது?

முதலாவது, இருட்டு. புதிய கேமராவின் சென்சார் பழையதைப் போல இரண்டரை மடங்கு பரப்பு கொண்டது. மழை பெய்யும்போது சொம்பு வைத்தால் எவ்வளவு நீர் பிடிக்கும், அண்டா வைத்தால் எவ்வளவு பிடிக்கும்? வெளிச்சமும் அப்படித்தான். மங்கலான மண்டபத்தில், விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது பழையதில் படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக வரும். புதியதில் அது மிகவும் குறைவு. ஐஎஸ்ஓ என்று சொல்வார்களே, இருட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, அது 1300டி-யில் வழக்கமாக 6400 வரை. ஆர்6 மார்க் 2-வில் 1,02,400 வரை. அந்த உச்சத்தில் வரும் படம் ஆல்பத்துக்கு ஆகாது. ஆனாலும் 6400-ல் பழையது திணறும் இடத்தில் புதியது நிதானமாக வேலை செய்யும்.

இரண்டாவது, ஃபோகஸ். பழையதில் ஃபோகஸ் பிடிக்க 9 புள்ளிகள். புதியது மனித முகத்தை, கண்ணை அடையாளம் கண்டு, ஆள் நகர்ந்தாலும் கூடவே தொடர்ந்து போகும். வேகத்தைப் பாருங்கள்: பழையது நொடிக்கு 3 படம், புதியது சாதாரண ஷட்டரிலேயே 12 படம். தாலி கட்டும் நேரத்தில் யாராவது கை குறுக்கே வரும், அட்சதை பறக்கும். அங்கே இந்த 3-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, வீடியோ. பழையதில் முழு எச்டி வீடியோ வரும். ஆனால் வீடியோ ஓடும்போது ஆள் நடந்தால் தானே தொடர்ந்து ஃபோகஸ் மாற்றாது. வெளி மைக் செருகத் துளையும் இல்லை. புதியதில் இவை இரண்டும் உண்டு. 4கே வீடியோவும் உண்டு.

நான்காவதைத்தான் நாங்கள் மிக முக்கியமாக நினைக்கிறோம். பழையதில் ஒரே ஒரு மெமரி கார்டு போடலாம். புதியதில் இரண்டு. எடுக்கிற படத்தை ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியச் சொல்லலாம். ஒரு கார்டு கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்கும். முகூர்த்தம் திரும்ப வராது. கார்டு கெட்டுப்போச்சு என்று பெண் வீட்டாரிடம் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னால் அந்தச் சுற்று வட்டாரத்தில் மறுபடி ஆர்டர் கிடைக்குமா?

ஆகவே முழுக் கல்யாணம் ஒப்புக்கொள்வதென்றால் புதிய கேமரா ஆடம்பரம் அல்ல. "செல்போன்லயே எடுக்கலாமே" என்ற அக்காமாருக்கு இதுதான் பதில்.

பழையது எதற்கு ஆகும்?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. பழைய கேமராவைக் குறை சொல்லும் முன் அதை முழுசாகப் பயன்படுத்தினோமா என்றும் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட் அளவு படம், பள்ளி ஆண்டு விழா, காதுகுத்து, பகலில் நடக்கும் வளைகாப்பு, நம் குழுக்கள் செய்யும் ஊறுகாய், மசாலாத் தூள், தையல் துணி இவற்றுக்கான விற்பனைப் படம், இத்தனைக்கும் 1300டி போதும். ஜன்னல் ஓரம், ஒரு வெள்ளைத் துணி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. இவை இருந்தால் பொருள் பளிச்சென்று வரும்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸுக்குப் பதிலாக 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினால் இன்னும் நன்றாக இருக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது. பழைய லென்ஸ் அந்த இடத்தில் எஃப் 5.6. கணக்குப் போட்டால் புதிய லென்ஸ் ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் விடும். கேமராவை மாற்றாமலே இருட்டுப் பிரச்சினை பெருமளவு தீரும். தனி பிளாஷ் ஒன்று சேர்த்தால் இன்னும் நல்லது. ஆர்6 மார்க் 2-வில் பிளாஷ் உள்ளேயே இல்லை என்பதால், அதை வாங்கினாலும் தனி பிளாஷ் வாங்கத்தான் வேண்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்த 50 எம்எம் லென்ஸில் இ.எஃப். வகையாகப் பார்த்து வாங்கினால், அடாப்டர் என்ற வளையம் போட்டுப் பிற்பாடு ஆர்6-லும் முழுதாகப் பயன்படுத்தலாம். கேமராவோடு வந்த 18-55 அப்படியல்ல. அது இ.எஃப்.எஸ். வகை. அடாப்டர் போட்டால் மாட்டலாம், ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்து சுமார் 9 மெகாபிக்சல் படம்தான் கிடைக்கும். 24-க்குக் காசு கொடுத்துவிட்டு 9 வாங்குவதா? அதனால் புதிய கேமரா என்றால் லென்ஸுக்கும் சேர்த்துத்தான் விலைப்புள்ளி வாங்க வேண்டும். மனுவில் கேமராவின் உடல் பகுதி விலை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குத்தான்.

பணக் கணக்கு

எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். 2,00,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, நிலுவைக்கு மட்டும் வட்டி, 24 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 9,415 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 26,000. அதே வட்டிக்கு 30,000 ரூபாய், 12 மாதம் என்றால் தவணை சுமார் 2,665.

கல்யாணம் எல்லா மாதமும் நடக்காது. தையிலும் வைகாசியிலும் ஓட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பெட்டிக்குள் தூங்கும். ஆனால் தவணை தூங்காது. ஆடியிலும் 9,415 கட்ட வேண்டும். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,883. வருமானம் இல்லாத மாதத்தில் அதை எங்கிருந்து எடுப்பார்கள்? வீட்டு ரேஷன் பணத்திலிருந்தா, பிள்ளை ஃபீஸிலிருந்தா? தொழில் கடன் குடும்பச் சண்டையாக மாறுவது இப்படித்தான்.

புதுசைத் துரத்தவும் முடியாது. ஆர்6 மார்க் 2 வந்து மூன்று வருடத்தில், 2025-ல் மார்க் 3 வந்துவிட்டது. நகை போல நாளுக்கு நாள் விலை ஏறும் பொருள் அல்ல கேமரா. வாங்கிய அன்றிலிருந்து இறங்கும். உழைத்துச் சம்பாதித்தால்தான் அதற்கு மதிப்பு.

நாங்கள் முன்வைக்கும் யோசனை

ஒன்று: இப்போது சிறு கடன் கொடுப்போம். 50 எம்எம் லென்ஸ், தனி பிளாஷ், கூடுதல் பேட்டரி, நல்ல கார்டுகள். பில் குழுவின் பெயரில் இருக்கட்டும், ஒருவர் பெயரில் வேண்டாம்.

இரண்டு: கல்யாண ஆர்டர் வந்தால் மிரர்லெஸ் கேமராவை அன்றைக்கு வாடகைக்கு எடுக்கட்டும். வாடகையை வாடிக்கையாளர் தரும் முன்பணத்திலிருந்து கொடுக்கட்டும். முதல் நாளே எடுத்து வந்து பழகிவிட்டுப் போகட்டும்.

மூன்று: ஒவ்வொரு ஆர்டருக்கும் வரவு, வாடகை, ஆல்பச் செலவு, பயணச் செலவு, ஆளுக்குக் கூலி என்று தனி நோட்டில் எழுதட்டும். தங்கள் கூலியை எழுதாமல் விட்டுவிட்டு லாபம் என்று சொல்லக் கூடாது. நம் பெண்கள் அதிகம் விடுவது அந்த ஒரு வரியைத்தான்.

நான்கு: ஆடியும் சேர்ந்து வரும்படி ஆறு மாதம் கழித்து நோட்டைக் கூட்டத்தில் வைக்கட்டும். கூலி போக மாதச் சராசரி மீதி, கேட்கும் கடனின் தவணையைப் போல இரண்டு மடங்கு, அதாவது சுமார் 19,000 ரூபாய் இருந்தால், மறு பேச்சில்லாமல் பெரிய கடன் கொடுப்போம். கேமராவுக்குக் காப்பீடும் எடுப்போம்.

இது மறுப்பு அல்ல. அந்த ஐந்து பேருக்கும் இதை அழுத்திச் சொல்கிறோம். உங்கள் கையில் பெரிய முதல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மணப்பெண் அலங்காரம் செய்யும் அறைக்குள், மஞ்சள் நீராட்டு நடக்கும் முற்றத்துக்குள் நீங்கள் தயக்கமில்லாமல் போகலாம். அங்கே பெண்கள் கூசாமல் சிரிப்பார்கள். எந்த விலைக் கேமராவும் அந்தச் சிரிப்பை வாங்கித் தராது.

"பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. 1984-லேயே அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் காய்கறி விற்றவர்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் கிராமத்துப் பெண்கள் தங்கள் விதை, தங்கள் நிலம் பற்றித் தாங்களே படம் எடுத்தார்கள். ஹோமாய் வியாரவல்லா என்ற பெண் புகைப்படக்காரர் நம் நாடு விடுதலை பெற்ற காலத்தைக் கேமராவில் பதிந்தவர். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார். ஆகவே இது நமக்குப் புதிய வேலை அல்ல.

இப்போது உங்கள் முறை. ஒவ்வொரு குழுவும் பேசுங்கள். அந்த ஐந்து பேரையும் முதலில் பேச விடுங்கள். வாடகைக் கேமரா சரிப்படாது என்று அவர்கள் நினைத்தால் காரணத்தைச் சொல்லட்டும், கேட்போம். பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.