கோடி: ரோடியோவும் முள்வேலியும்

இந்த வாரம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்குப் போகலாம். வயோமிங்னு சொன்னதும் யெல்லோஸ்டோன் ஞாபகம் வரும். நான் பேசப்போறது அந்தப் பூங்காவின் கிழக்கு வாசலிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊரைப் பத்தி. பேரு கோடி. தமிழ்ல கோடின்னா ஓரம், தெருக்கோடின்னு சொல்றோமே, அது. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லதான். ஆனா அமெரிக்காவின் எல்லையோரக் கதையை வித்தே பிழைக்கிற ஊர் என்பதால், பேர் நல்லாவே பொருந்துது.

உண்மையில் பேர் வந்தது வில்லியம் கோடியிடமிருந்து. ரயில் பாதை போட்ட தொழிலாளிகளுக்குக் கறி சப்ளை பண்ண பைசன்களைச் சுட்டுத் தள்ளினதால 'பஃபலோ பில்'னு பேர் வாங்கினவர். 1883-ல் 'வைல்ட் வெஸ்ட்' ஷோ ஆரம்பிச்சார். குதிரைச் சாகசம், துப்பாக்கி, நடிச்சுக் காட்டுற சண்டைகள். 1876-ல் லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்கப் படையைத் தோற்கடிச்ச தரப்பின் தலைவர்களில் ஒருத்தர் சிட்டிங் புல். அவரே 1885-ல் இந்த ஷோவில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். யோசிச்சுப் பாருங்க, சண்டை நடந்து பத்து வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள டிக்கெட் போட்டாச்சு! நாம படத்துல பார்க்கிற கௌபாய்க்கு இந்த ஷோவும் ஒரு தாத்தா.

அந்தக் கூத்து இன்னும் நிக்கல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தினமும் ராத்திரி ரோடியோ நடக்கும். தொப்பி போட்ட குட்டிப் பசங்கள்லாம் வேலி ஓரம் உட்கார்ந்து கத்துவாங்க. நானும் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். ஊருக்கு நடுவுல பஃபலோ பில் பேரில் ஒரே கூரைக்குள் ஐந்து மியூசியம். அதில் சமவெளிப் பழங்குடி மக்களுக்கான பகுதிக்கு மட்டுமாவது அரை நாள் ஒதுக்குங்க.

மறுநாள் காலையில் பூங்காவுக்குக் கிளம்பியிருக்கணும். வழியில் இல்லாத ஓர் இடத்துக்கு, அரை மணி நேரம்னு சொல்லி, நண்பர்களைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டுப் போனேன். கோடியிலிருந்து பவல் ஊர் போகிற சாலையில் இருக்கு ஹார்ட் மவுண்டன். வெளியே வரும்போது மதியம் தாண்டிடுச்சு.

1942 ஆகஸ்டில் இங்கே ஒரு முகாம் திறந்தாங்க. ஜப்பானோட போர். அதனால மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை, பெரும்பாலும் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களை, குடும்பம் குடும்பமா கொண்டுவந்து அடைச்சாங்க. முள்வேலி, ஒன்பது காவல் கோபுரம். உச்சத்தில் 10,767 பேர். அப்போ அது வயோமிங்கின் மூணாவது பெரிய 'ஊர்'!

கண்காட்சியில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தினது தண்ணீர் விஷயம். ஷோஷோனி ஆத்துல 1910-ல் ஓர் அணை கட்டினாங்க, 325 அடி. அன்னைக்கு உலகத்திலேயே உயரமானது. அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் வர வேண்டிய கால்வாய் அரைகுறையா நின்னிருந்தது. முகாமில் இருந்தவங்கதான் அந்த வேலையைச் செஞ்சாங்க. புதர்க்காட்டைத் திருத்திக் காய்கறி விளைவிச்சாங்க. 1945 நவம்பரில் முகாமை மூடினப்போ, கையில் 25 டாலரும் ஒரு டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிட்டாங்க. அப்புறம் அரசு அந்த நிலத்தைக் குலுக்கல் முறையில் முன்னாள் ராணுவ வீரர்களுக்குக் கொடுத்தது. முகாமின் மரக் கொட்டகைகளை வாங்கி, வெட்டி, வண்டியில் ஏத்திட்டுப் போய் வீடாக்கிக்கிட்டாங்க.

எல்லையோரக் காலம் 1890-லயே முடிஞ்சுதுன்னு நமக்குச் சொல்லிக்கொடுக்கிறாங்க. ஆனா அறுபது வருஷம் கழிச்சும் அதே கதை இங்கே நடந்திருக்கு. ஒருத்தர் நிலம், இன்னொருத்தர் உழைப்பு, வேறொருத்தருக்குப் பட்டா. இதுக்கெல்லாம் முன்னாடி இந்த மலை க்ரோ மக்களோடது, இன்னைக்கும் அவங்களுக்குப் புனிதமானது.

ஒரு நல்ல கதையும் இருக்கு. கோடி ஊர் சாரணர் பசங்க ஒருநாள் முகாமுக்குள்ள போனாங்க. உள்ளே இருந்த நார்மன் மினெட்டாவும், வெளியே இருந்து வந்த ஆலன் சிம்ப்சனும் ஒரே கூடாரத்தில். ஆளுக்கு பன்னிரண்டு வயசு போல. மழைத் தண்ணி ஓட ஒரு வாய்க்கால் வெட்டினாங்க. அது நேரா, கீழே இருந்த வேற ஒரு பையனோட கூடாரத்துக்குள்ள போச்சு! பின்னாடி சிம்ப்சன் குடியரசுக் கட்சி செனட்டர், மினெட்டா ஜனநாயகக் கட்சி எம்.பி. 1988-ல் அரசு மன்னிப்பு கேட்டு, உயிரோடு இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்த சட்டத்துக்காக ரெண்டு பேரும் உழைச்சாங்க.

போறவங்களுக்குச் சில விஷயம். கார் இல்லாம முடியாது. பூங்காவின் கிழக்குச் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும், மே மாசத்துக்கு மேலே திட்டம் போடுங்க. பைசன்கிட்ட இருந்து 23 மீட்டர் தள்ளி நில்லுங்க, செல்ஃபி ஆர்வத்தில் முட்டு வாங்காதீங்க. ரோடியோ ராத்திரி எட்டு மணிக்குத்தான். அதனால பகலை ஹார்ட் மவுண்டனுக்கு விடலாம். உள்ளே பார்த்து முடிச்சதும், வெளியே இன்னும் நிக்கிற ஆஸ்பத்திரிப் புகைக்கூண்டு வரைக்கும் நடந்துட்டு வாங்க. காத்து பலமா அடிக்கும், ஜாக்கெட் எடுத்துக்கோங்க.