நோயை மறைத்து நிக்காஹ் பேசலாமா?





இன்று உங்களோடு ஒரு நோயைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். உங்களுள் பலர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆயினும் அந்நோய் எழுப்புகின்ற கேள்வி, பிள்ளைகளைப் பெற்ற எந்த வீட்டின் வாசலையும் ஒருநாள் தட்டக்கூடியது.

புதுக்குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் செய்கின்ற ஒரு சகோதரரை நான் அறிவேன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சிறுவனாகப் பெற்றோரின் கையைப் பிடித்தபடி புத்தளம் சென்றவர் அவர். அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, யுத்தம் முடிந்தபின் வன்னிக்குத் திரும்பினார். அவருடைய மூத்த மகளுக்கு வயது 23. நல்ல இடத்தில் நிக்காஹ் பேசி, நாளும் குறித்தாயிற்று. அவ்வேளையில் அப்பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி ஏற்பட்டது. பித்தப்பையில் கல்லாக இருக்கலாம் என்று எண்ணி ஸ்கேன் செய்தார்கள். கல் இருக்கவில்லை. ஆனால், மண்ணீரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடியில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் ஒரு வீக்கம் இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. பின்னர் எடுத்த சி.ரி. ஸ்கேன் அதனை உறுதிப்படுத்தியது. இதனை வைத்தியர்கள் 'அனியூரிசம்' என்று அழைக்கின்றனர்.

நேயர்களே! பழைய துவிச்சக்கர வண்டியின் ரியூப் ஓரிடத்தில் மெலிந்து, காற்றடிக்கும்போது அந்த இடம் மட்டும் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாடியின் சுவர் நலிந்த இடத்தில் குருதியின் அமுக்கத்தினால் ஏற்படும் புடைப்பும் அத்தகையதே. வயிற்றில் இது பெரும்பாலும் உடலின் பிரதான குழாயாகிய பெருநாடியில் ஏற்படுகின்றது. புகைத்தல் அதற்கு முதன்மையான காரணி. முதிய ஆண்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். ஈரல், மண்ணீரல், குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் கிளை நாடிகளில் ஏற்படுவதோ அரிது. அந்த அரிய வகையினுள் மண்ணீரல் நாடியின் வீக்கமே கூடுதலாகக் காணப்படுவது. அது ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம்.

இவ்வீக்கம் உள்ளவர்களுள் பெரும்பாலோர் எவ்வித அறிகுறியும் இன்றி வாழ்கின்றனர். சிறியதாயின் காலத்துக்குக் காலம் ஸ்கேன் செய்து கண்காணித்தால் போதும். இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் என்ற அளவை எட்டும்போது சிகிச்சை பற்றி வைத்தியர்கள் தீர்மானிப்பர். ஆனால் இதில் முக்கியமான ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணாயின், வீக்கம் சிறியதாக இருந்தாலும் சிகிச்சை செய்யவே அறிவுறுத்துகின்றனர். ஏனெனில், கர்ப்ப காலத்தில், சிறப்பாக இறுதி மாதங்களில், அது வெடிக்கும் ஆபத்து கூடுகின்றது. அவ்வாறு வெடித்த பெண்களில் நால்வருக்கு மூவர் உயிரிழந்தனர் என்றும், சிசுக்களில் தப்பியவை மிகச் சிலவே என்றும் மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன.

வைத்தியர் இதனை விளக்கியபோது அந்தத் தந்தையின் மனம் மகளின் உயிரை எண்ணிக் கலங்கியது. வீட்டுக்கு வந்தபோதோ உறவினர்களின் குரல் வேறாக இருந்தது. "நானா, இதை வெளியில் சொல்லாதீங்க. வெளியில் பார்த்தால் தெரியிற நோயா? நிக்காஹ் முடியட்டும், பிறகு மருந்து செய்யலாம்" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெண் பிள்ளையின் வாழ்வு கெட்டுவிடுமே என்ற அச்சத்தினாலேயே அப்படிக் கூறினார்கள்.

அச்சகோதரர் என்னிடம் வந்து ஆலோசனை கேட்டார். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு அவ்வியாபாரியைக் கண்டித்த நிகழ்வு அவருக்கு நன்கு தெரியும். அவரும் வியாபாரிதானே! நான் அவரிடம் கூறினேன்: "உங்கள் மகள் சரக்கல்ல; அவருடைய நோய் குற்றமுமல்ல. ஆனால் சரக்கிலேயே மறைத்தல் கூடாதென்றால், ஒரு வாழ்நாள் ஒப்பந்தத்தில் அது எப்படி ஆகும்? மேலும், மறைத்தால் யாருக்கு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் முடிந்து மூன்றாம் மாதம் பிள்ளை கர்ப்பமுற்றால், கணவனுக்கும் தெரியாது; மாமிக்கும் தெரியாது. இரவில் வயிற்றுவலி என்று துடிக்கும்போது, வாயுத்தொல்லை என்று இஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள்."

ஊருக்குப் பறைசாற்றுமாறு நான் கூறவில்லை. நோயாளியின் இரகசியம் ஓர் அமானிதம். அண்டை வீட்டாருக்கும் கடைத்தெருவுக்கும் அதில் உரிமையில்லை. மணமுடிக்கப்போகும் அந்த ஒருவருக்கு உரிமையுண்டு. அவரிடம் கூறுமாறே சொன்னேன்.

அவர் கூறினார். மாப்பிள்ளை வீட்டார் இருபது நாட்கள் மௌனமாக இருந்தார்கள். பின்னர், வேறு இடம் பார்த்துக்கொள்ளுமாறு ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

அன்று மாலை அச்சகோதரர் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, "சேர், நீங்கள் சொன்னபடி செய்தேன். பிள்ளையின் வாழ்க்கை போய்விட்டது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மை பேசினால் உடனே நன்மை கைகூடும் என்று நான் அவருக்கு வாக்களித்திருக்கவில்லை. ஆயினும் அப்படி அவர் எண்ணியிருக்கலாம். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் இருக்கின்றது.

அதற்குப்பின் அவர்கள் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்குச் சென்று சிகிச்சை பெற்றனர். தொடையிலுள்ள நாடியினூடாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, நுண்ணிய உலோகச் சுருள்களால் அவ்வீக்கத்தை அடைத்தார்கள். வயிற்றைத் திறக்க நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், மகள் நலமாக இருக்கின்றார், சிறுவர்களுக்குக் கற்பிக்கின்றார், உரிய காலத்தில் ஸ்கேன் செய்துகொள்கின்றார். நிக்காஹ் இன்னும் அமையவில்லை. அண்மையில் அவரைக் கண்டபோது, நான் கேட்காமலேயே, "வாப்பா இன்னும் கவலைப்படுகிறார் சேர். ஆனால் நான் பயந்து பயந்து யாருடைய வீட்டிலும் வாழவில்லை" என்றார். அவர்களது அனுமதியுடனேயே இதனை உங்களுக்குச் சொல்கின்றேன்.

இந்நோயுடன் வாழ்வது இயலாததா? விஞ்ஞானி அல்பேர்ட் ஐன்ஸ்ரைனின் வரலாற்றைப் பாருங்கள். வயிற்றுவலியினால் துன்புற்ற அவருக்கு 1948ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர் ருடோல்ப் நிசன். ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்தபோது வெளியேறி, 1933இலிருந்து இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய வைத்தியர் அவர். ஐன்ஸ்ரைனின் பெருநாடியில் பெரிய வீக்கம் இருப்பதை அவர் கண்டார். அதனை அகற்றிப் புதிய குழாய் பொருத்தும் முறை அப்போது உலகில் இருக்கவில்லை. செலோபேன் தாளினால் அதனைச் சுற்றிவிட்டார். அதனுடன் ஐன்ஸ்ரைன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தம் ஆய்வையும் விடவில்லை. 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உடன்படாமல், 18ஆந் திகதி தமது 76ஆவது வயதில் காலமானார். 1951இல் பரிஸ் நகரில் சார்ள்ஸ் டுபோஸ்ட் வீக்கத்தை அகற்றி மாற்றுக் குழாய் பொருத்தினார். 1990இல் ஆர்ஜென்ரீனாவில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமலேயே நாடியினுள் குழாய் பொருத்தும் வழியைக் காட்டினார். ஐன்ஸ்ரைனுக்கு 1948இல் கிடைக்காத சிகிச்சை, இன்று நம் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கின்றது. ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். கட்டுவதற்குக் கயிறு கையிலிருக்க, நோயை மறைத்துக்கொண்டு துஆ மட்டும் செய்வது தவக்குல் ஆகாது.

வன்னியில் வாழ்வோருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 2009 பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையின் மீதே எறிகணைகள் வீழ்ந்தன. நோயாளர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அக்காலத்து எறிகணைத் துண்டுகளை உடலில் சுமந்தபடி இன்றும் நம் அயலவர் பலர் வாழ்கின்றனர். துண்டு பாய்ந்து நாடிச் சுவர் கிழிந்த இடத்தில் குருதி தேங்கி உருவாகும் வீக்கம், சிலருக்கு ஆண்டுகள் கடந்தும் வெளிப்படலாம். பழைய தழும்பின் அருகே நாடித்துடிப்புடன் கூடிய கட்டி தோன்றினால் அதனை அழுத்தவோ எண்ணெய் தேய்க்கவோ வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். உடலில் உலோகத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னர் கட்டாயம் தெரிவியுங்கள்.

நாடி வீக்கம் இருப்பதாக அறியப்பட்டவர் கவனிக்க வேண்டியவை சில. குருதியமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். புகைத்தலை அறவே விடுங்கள். அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் ஒரே உறையில் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டாருக்குக் காட்டுங்கள். திடீரென வயிற்றிலோ இடது தோளிலோ கடும் வலி, வியர்வை, மயக்கம் ஏற்பட்டால் 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸைப் பெற்றுக்கொள்ளுங்கள். மண்ணீரல் நாடி வெடிக்கும்போது, சிலர் முதலில் மயங்கி விழுந்து, பின்னர் எழுந்து தேறியவர்போல் காணப்படுவர். அது சுகமன்று, இரண்டாவது குருதிப்பெருக்குக்கு முந்திய சிறு அவகாசம். "இப்போது பரவாயில்லை" என்று படுக்க வைத்துவிடாதீர்கள்.

இறுதியாக, ஆண் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒன்று கேட்கின்றேன். பெண் வீட்டார் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நாம் மிம்பரிலும் மேடையிலும் எளிதாகப் பேசிவிடுகின்றோம். அவர்கள் சொன்னபின் நாம் என்ன செய்கின்றோம்? உண்மை சொன்ன வீட்டை விட்டு விலகி, மறைத்த வீட்டைத் தேடிச் செல்கின்றோம். அப்படியானால் மறைக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் நாமல்லவா? மறுப்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. ஆனால் மறுக்குமுன் ஒருமுறை அந்த வைத்தியரைச் சந்தித்துக் கேளுங்கள். குணப்படுத்தக்கூடிய நோயா, சிகிச்சைக்குப்பின் குழந்தை பெறலாமா என்று விசாரியுங்கள். அதற்கு ஒரு நாள் போதும். உங்கள் மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவனுடைய உடலிலும் எந்த நோய் எப்போது வெளிப்படும் என்பதை நம்மில் யார் அறிவோம்?

இளைஞர்களே! உங்களிடம் ஒருவர் தம் நோயைச் சொல்லும்போது, அவர் தம் பாரத்தை மட்டுமன்றித் தம் நேர்மையையும் உங்கள்முன் வைக்கின்றார். எதனைப் பார்க்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கின்றது.

நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண சுகத்தையும், உண்மை பேசுவோருக்கு உறுதியையும், அதனைக் கேட்போருக்கு விசாலமான உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.