சிறு செலவில் திருகோணமலை

ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துச் செல்லவேண்டுமென விரும்பாத பெற்றோர் இலர். ஆயினும், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் பல, கடன்பட நேருமோ என்னும் அச்சத்தால் அவ்விருப்பத்தை அடக்கிவிடுகின்றன. அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. திட்டமின்றிப் புறப்படுவோர் ஒரு மாதச் சேமிப்பை இரண்டு நாளில் இழப்பதுண்டு. ஆனால், காலமும் இடமும் அறிந்து செல்வோர்க்குச் சிறுதொகையே போதும். இதற்குத் திருகோணமலை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

முதலிற் கருதவேண்டியது காலம். கார்த்திகை தொடக்கம் தை வரை வாடைக்காற்று கிழக்குக் கரைக்கு மழையைக் கொணரும், கடலும் கொந்தளிக்கும். அக்காலத்திற் செல்வோர் அறைக்குள் அடைபட்டிருக்கவே பணம் கொடுப்பர். சோளகக் காற்றோ தன் மழையை மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே கிழக்கை அடைகின்றது. ஆதலால், மே முதல் செப்ரெம்பர் வரை அங்கே கடல் அமைதியாயிருக்கும். இவற்றுள்ளும் ஜூலை, ஓகஸ்ற் மாதங்களிற் கூட்டமும் அறை வாடகையும் மிகும். மே, ஜூன், செப்ரெம்பர் மாதங்களே சிக்கனத்துக்கு உகந்தவை.

அடுத்தது வழி. கொழும்பிலிருந்து தரைவழியே ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம். ஹபரணை வழியாகப் பேருந்திலோ, கல்லோயாச் சந்தி வழியாகப் புகையிரதத்திலோ செல்லலாம். இரவிற் புறப்பட்டு விடியலிற் சென்றடைவோர்க்கு ஓரிரவின் அறை வாடகை மிச்சமாகும். புறப்படும் நேரத்தை முன்னரே விசாரித்து, இருக்கையையும் பதிவுசெய்தல் நன்று. தங்குவதற்கு உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளைவிட நகரத்துச் சிறு விடுதிகள் பொதுவாக மலிவானவை. கோட்டை, கோயில், கடைத்தெரு ஆகிய மூன்றும் அங்கிருந்து நடைதூரமே. ஆகவே வாகனக் கூலியும் குறையும். காலையில் இடியப்பமும் சொதியும், மாலையிற் சட்டித் தயிரும் அங்கேயே கிடைக்கும்.

திருகோணமலையிற் காணத்தக்கவற்றுட் சிறந்தவை பெரும்பாலும் விலையற்றவை. போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டிற் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பின்னர் வந்த ஆங்கிலேயர் அதற்குப் பிரெட்றிக் கோட்டை எனப் பெயரிட்டனர். அதன் வாயிலைக் கடந்தால் மரநிழலில் மான்கள் மேயக் காணலாம். பாதையின் முடிவிலே, திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் மீண்டும் எழுந்து, 1963 இற் குடமுழுக்குக் கண்டு நிற்கின்றது. அருகே இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவும், கீழே ஆழ்கடலும் உள. அம்மலையுச்சியிற் பொறுமையுடன் நிற்போர்க்குச் சிலவேளை திமிங்கிலமும் காட்சி தருவதுண்டு. படகுக்குப் பணங் கொடுத்தோர் அனைவர்க்குமே அப்பேறு வாய்ப்பதில்லை. மாலையில் உவர்மலையேறினால், உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று கண்முன் விரியும். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம், இன்று அந்திவெயிலில் அமைதியாகக் கிடக்கும் காட்சி பிள்ளைகளுக்குப் பாடநூலினும் மேலான பாடமாகும்.

பணஞ் செலவிடவேண்டிய இடமும் ஒன்றுண்டு. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. நுழைவுச் சீட்டுடன் படகுக் கூலியும் சேர்வதால், இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி ஒரே படகிற் செல்வது அறிவுடைமை. கூலியைப் படகேறுமுன் பேசி முடித்தல் வேண்டும். பவளப்பாறைமேற் கால்வைத்தலாகாது; அது கல்லன்று, உயிர். மறுநாள் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலே நீராடலாம். கிணற்றுக்குக் கிணறு வெப்பம் வேறுபடுவது சிறுவர்க்குப் பெருவியப்பளிக்கும்.

இவ்வாறு மூன்று நாளில் ஒருநாளை மட்டும் செலவுக்குரியதாக வைத்து, ஏனைய இரண்டையும் கால்நடைக்கும் கண்களுக்கும் விட்டுவிட்டால், பயணம் எவர்க்கும் பாரமாகாது. திருகோணமலை விரைந்து பார்த்து முடிக்கும் ஊரன்று. பணத்தைச் சுருக்குவோர் அங்கே நேரத்தைச் சுருக்காதிருப்பாராயின், அவர்தம் பிள்ளைகள் கடன்சுமையன்றிக் கடலின் நினைவையே வீட்டுக்குக் கொண்டுவருவர்.