எவ்வளவு வேண்டுமானாலும், எது வேண்டுமானாலும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சின்னச் சொல். ‘எனி’. அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

என் 10ஆம் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாக எழுதுவாள். ஒரு தேர்வில் அவளுடைய ஆங்கில விடைத்தாளைத் திருத்தியபோது திகைத்துப்போனேன். 4 வினாக்களில் ‘எனி த்ரீ’ என்று கேட்ட இடத்தில் நான்கையும் எழுதியிருந்தாள். அடுத்த பகுதியிலும் அப்படியே. கடைசிப் பகுதியில் கடிதத்தைத் தொடவே இல்லை. நேரம் போதவில்லை. கடிதம் அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் அறிவியல் தாளில் இந்தத் தவற்றை அவள் செய்யவில்லை. அங்கே ‘எவையேனும்’ என்று தமிழில் இருந்தது.

அழைத்துக் கேட்டேன். “டீச்சர், ஏ.டி.எம்.மை எனிடைம் மணின்னும் சொல்வாங்க, எந்நேரமும் பணம் எடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப எனின்னா எல்லாம்தானே?” என்றாள்.

அவள் யோசித்ததில் தவறே இல்லை. தவறு என் பாடத்தில் இருந்தது. ‘சம்’ உடன்பாட்டு வாக்கியத்தில் வரும், ‘எனி’ எதிர்மறையிலும் வினாவிலும் வரும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்த விதிக்குள் அடங்காத மூன்றாவது பயன்பாடு ஒன்று உண்டு. ‘எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், தேர்வு உன்னுடையது’ என்ற பொருளில், உடன்பாட்டு வாக்கியத்திலேயே ‘எனி’ வரும். வினாத்தாளில் அச்சாகி வருவது அந்தப் பயன்பாடுதான். அதைத்தான் நான் சொல்லித்தரவில்லை.

அவளிடம் இப்படிச் சொன்னேன்: “நான்கு கதவுகளும் திறந்திருக்கின்றன. எதற்குள் வேண்டுமானாலும் போகலாம். அதுதான் எனி. எத்தனை கதவுக்குள் போக வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் எண் சொல்லும்.” ஏ.டி.எம்.மும் அப்படித்தானே? எல்லா நேரமும் திறந்திருக்கிறது. நாம் போவது நமக்குப் பிடித்த ஒரு நேரத்தில்.

நண்பர்களே, இதைக் கற்பிக்க நம் கையில் நல்ல கருவி இருக்கிறது. அது தமிழ். ‘யாரும் வரலாம்’ என்கிறோம். ‘எனிபடி கேன் கம்’. ‘யாரும் வந்தார்கள்’ என்று நாம் சொல்வதில்லை. ஆங்கிலேயரும் ‘எனிபடி கேம்’ என்று சொல்வதில்லை. நடந்து முடிந்ததில் தேர்வுக்கு இடம் ஏது? இதுவரை இரு மொழிகளும் ஒன்றாக நடக்கின்றன. பிரிவது எதிர்மறையில். ‘யாரும் வரவில்லை’ என்பதை நம் பிள்ளைகள் ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இப்படி எனியை முன்னால் வைத்து, இல்லையைப் பின்னால் வைக்கும் வழக்கம் கிடையாது. ‘நோபடி கேம்’ என்றுதான் வரும். ஒப்புமையை முதலில் காட்டிவிட்டு வேறுபாட்டைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

அடுத்து, அளவு. ‘உனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்.’ இதை வரிசை மாறாமல் மொழிபெயர்த்து, ‘ஹவ் மச் யூ வான்ட் தட் மச் டேக்’ என்று எழுதுவார்கள். நான் சரியான வாக்கியத்தைப் பலகையில் எழுதி, கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்வேன். ‘டேக் – ஆஸ் மச் – ஆஸ் யூ வான்ட்.’ பின்னாலிருந்து வந்தால்: உனக்கு எவ்வளவு வேண்டுமோ – அவ்வளவு – எடுத்துக்கொள். கண்ணாடியில் பார்த்ததுபோல் தமிழ் வந்துவிடும். வகுப்பே சிரிக்கும். இரண்டு ‘ஆஸ்’ எதற்கு என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

இங்கே இரண்டு நுட்பங்கள் உண்டு. எண்ணக்கூடியதற்கு ‘மெனி’, எண்ண முடியாததற்கு ‘மச்’. தமிழில் எத்தனை, எவ்வளவு என்று நமக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஆனால் பேச்சில் இரண்டுக்கும் ‘எவ்வளவு’ போட்டுவிடுகிறோம். மற்றொன்று, நம் ‘வேண்டும்’ என்ற சொல்லுக்குள் ஆசையும் தேவையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலம் பிரித்துச் சொல்லும். விரும்பும் அளவு என்றால் ‘வான்ட்’ அல்லது ‘லைக்’, தேவையான அளவு என்றால் ‘நீட்’, முடிந்த அளவு என்றால் ‘கேன்’.

வகுப்பில் செலவில்லாமல் செய்யலாம். ஒரு தட்டில் புளியங்கொட்டை, ஒரு குடத்தில் தண்ணீர், ஒரு மேசையில் நூலகப் புத்தகங்கள். ஒரு பிள்ளை கடைக்காரர், மற்றவர்கள் விருந்தினர். கொட்டைக்கு ‘ஆஸ் மெனி ஆஸ் யூ லைக்’. தண்ணீருக்கு ‘ஆஸ் மச் ஆஸ் யூ நீட்’. புத்தகத்துக்கு ‘டேக் எனி டூ’. எதிரே இருக்கும் சிலவற்றில் ஒன்று என்றால் ‘விச்எவர்’, வரையறையே இல்லை என்றால் ‘வாட்எவர்’. ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்பதையும் அங்கேயே பழக்கலாம். ‘உனக்கு நீயே உதவு’ என்று அதைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதன் பொருள் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லுங்கள். ‘வாட்எவர்’ என்று தனியாகச் சொன்னால், ‘என்னவோ பண்ணு’ என்று அலட்சியமாகச் சொல்வதுபோல் ஆகிவிடும். பெரியவர்களிடம் கூடாது.

பெயருக்கு மட்டும் இருக்கும் தேர்வுரிமைக்கும் ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு: ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’. கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன், 1631இல் மறைந்தவர். அவரது லாயம் நிறையக் குதிரைகள் நிற்கும். ஆனால் வருகிறவர் வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நடந்து போகலாம். ‘எனி’ என்ற சொல்லின் பொருள் தெரியாத பிள்ளைக்கு நம் வினாத்தாளும் ஹாப்சனின் லாயம்தான். தேர்ந்தெடுக்கும் உரிமை அச்சில் இருக்கிறது. அவளுக்கு அது கிடைப்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. தேர்வுக்கு முந்தைய வாரம் 10 நிமிடம் ஒதுக்குங்கள். விடை எதையும் கற்பிக்க வேண்டாம். எனி, ஆல், ஈச், ஐதர், ஒன்லி என்ற ஐந்து சொற்களை மட்டும் கற்பியுங்கள். பழைய வினாத்தாளைக் கொடுத்து, எத்தனை எழுத வேண்டும், எத்தனையை விடலாம் என்று மட்டும் கேளுங்கள்.

அந்த மாணவி அடுத்த தேர்வில் ‘எனி’க்குப் பக்கத்தில் இருந்த எண்ணை ஒவ்வொரு பகுதியிலும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள். கடிதத்தை முழுமையாக எழுதியிருந்தாள். இப்போது என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வட்டமிடுகிறார்கள்.