ஊர் அடங்கலாம், உலை அடங்கக் கூடாது
(சரவணையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடற்றொழிலாளத் தோழர்களே, தோட்டஞ்செய்யும் உறவுகளே, தாய்மாரே!

மலையகத்திலிருந்து வந்திருக்கும் எங்களிடம் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஊரை மூடினார்கள், தொழில் போனது. அதனால் சாவு குறைந்ததா?"

குறைந்தது. 2020 மார்ச் 15இல் அரியாலையில் ஆராதனை நடத்திய, சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகருக்குப் பின்னர் கொவிட் உறுதியானது. கலந்துகொண்டவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். பல மாவட்டங்களில் ஊரடங்கு தளர்ந்தபோதும் யாழ்ப்பாணம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்தத் தொற்று குடாநாடெங்கும் பரவவில்லை.

2021இல் டெல்டா பரவியபோது நாடு பிந்தித்தான், ஓகஸ்ட் 20இல், மூடப்பட்டது. அந்த மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒக்டோபர் 1இல் திறந்தபோது அது 100க்குக் கீழே வந்திருந்தது. தடுப்பூசிக்கும் இதில் பங்குண்டு. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஊசி கிடைக்கும்வரை, ஆஸ்பத்திரிகளின் சுமையைக் குறைக்க உதவியது விலகி நின்றதுதான்.

நூறு வருடங்களுக்கு முந்திய கதையும் இதுவே. 1918 காய்ச்சலின்போது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் பெரிய ஊர்வலம் நடத்தியது. சென். லூயிஸ் நகரம் நேரத்தோடு பள்ளிக்கூடங்களையும் கூட்டங்களையும் நிறுத்தியது. பிலடெல்பியாவில்தான் சாவு மிக அதிகம்.

சரி, விலகி நிற்க யாரால் முடிந்தது? ஊரடங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கின. நாங்கள் பெரட்டுக்குப் போனோம். மலையில் நிரைக்கு நிரை இடைவெளி இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் குடும்பமே படுக்கும்போது ஒரு மீற்றரை எங்கே அளப்பது? உங்களுக்கோ கடல் இருந்தும் மீனை விற்கச் சந்தை இல்லை. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபா எத்தனை நாளைக்கு அரிசியாகும்?

ஆகவே மூடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. மூடும் செலவைக் கூலிக்காரன் தலையில் கட்டுவதையே எதிர்க்கிறோம். அடுத்த நோய் வருமுன் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்போம்: மூடும் நாட்களுக்கு உலர் உணவும் நாட்கூலியும், நோயாளிக்குச் சம்பளத்தோடு லீவு, லயத்திலும் குடிசையிலும் இருப்போருக்கு ஊருக்குள்ளேயே தனித்திருக்க ஓர் இடம்.

நாங்கள் தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கிறோம். நீங்கள் வேலணைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கோரிக்கை ஒன்றாகவே இருக்கட்டும்.