பாயிண்ட் இருந்த இடத்தில் மாட்யூல்

அம்பாசடர் காரையோ பழைய புல்லட்டையோ வைத்துப் பராமரித்தவர்களுக்குப் பாயிண்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்துக் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் மூடியைக் கழற்றி, பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். இன்று நான் பேசப்போவதும் பாயிண்ட்டைப் பற்றித்தான். ஆனால் வண்டி அமெரிக்க வண்டி: 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரலே சி-10 பிக்கப் டிரக். அரை நூற்றாண்டு தாண்டியும் அங்கே பலர் அதை ஓட்டுகிறார்கள். அதில் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது அந்த ஊர் வீட்டு கராஜ்களில் வழக்கமாக நடக்கும் கைவேலை. அந்த வேலையில் நல்லது எது, அரைகுறை எது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910-ஆம் ஆண்டு கெடிலாக் காரில் வந்தது இந்தப் பாயிண்ட் ஏற்பாட்டின் ஆதி வடிவம். பேட்டரியின் மின்சாரம் காயிலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே சுழலும் கேம், பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும். திறந்த அந்தக் கணத்தில் மின்னோட்டம் அறுந்து, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியும். அதன் விளைவாகக் காயிலின் இன்னொரு சுற்றில் மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு எழும்பி, பிளக்கில் பொறி தெறிக்கும். பாயிண்ட்டின் முனை கருகாமல் காப்பது பக்கத்திலேயே இருக்கும் கண்டன்சர். எட்டு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயிண்ட் நொடிக்கு 200 முறை திறந்து மூட வேண்டும். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகளிடம் இவ்வளவு வேலை வாங்கி, அறுபது ஆண்டுக்கு மேல் உலகத்தின் பெட்ரோல் வண்டிகளை ஓட்டியிருக்கிறார்கள். அதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது.

சி-10 டிரக்கின் வி-8 இன்ஜினில் இருக்கும் டெல்கோ-ரெமி டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் கலையின் உச்சம் என்பேன். மற்ற பல வண்டிகளில் மூடியைக் கழற்றி, இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கேமின் முகடு சரியாக வந்து நின்றதும் ஃபீலர் கேஜை நுழைத்துத்தான் இடைவெளி வைக்க முடியும். இங்கே மூடியின் பக்கவாட்டில் ஒரு சிறு ஜன்னல் இருக்கிறது. தகரக் கதவை மேலே தூக்கினால் உள்ளே ஒரு ஸ்குரூவின் தலை தெரியும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எட்டில் ஒரு அங்குல ஆலன் கீயை அதில் மாட்டி மெல்ல உள்பக்கம் திருப்ப வேண்டும். இன்ஜின் ஓட்டம் தடுமாறத் தொடங்கும். அந்த இடத்திலிருந்து அரைச் சுற்று பின்னால் திருப்பிவிட்டால், பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், அதாவது டுவெல், ஏறத்தாழ 30 டிகிரிக்கு வந்துவிடும். டுவெல் மீட்டர் இல்லாதவரும் காதை வைத்தே செய்யக்கூடிய வேலை. வேலை செய்பவரின் சிரமத்தை நினைத்துப் பார்த்து வடிவமைத்த பாகம் இது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் மாற்ற வேண்டும்? தேய்மானம்தான் காரணம். கேமோடு உரசும் சின்ன ஃபைபர் கட்டை நாளாக நாளாகத் தேய்கிறது. தேயத் தேய பாயிண்ட்டின் இடைவெளி குறைகிறது, பொறி தாமதமாக விழுகிறது. காரில் வெறும் ஆளை ஏற்றிப் போகிறவருக்கு இது உடனே தெரியாது. டிரக்கில் சுமையை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது தெரியும். இழுவை குறையும், இன்ஜின் சூடேறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பாயிண்ட்டின் ஒரு முனையில் குழியும் மறு முனையில் மேடும் விழும். அதனால்தான் ஏறத்தாழ 12,000 மைலுக்கு ஒருமுறை புதுப் பாயிண்ட் போடும் பழக்கம் இருந்தது.

கார் கம்பெனிகள் பாயிண்ட்டைக் கைவிட்டதற்கும் இந்தத் தேய்மானமே அடிப்படை. 1970-இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. பொறி தவறி எரியாத பெட்ரோல் அதற்குள் போனால் கன்வெர்ட்டரே வெந்து கெட்டுவிடும். தேய்ந்து தேய்ந்து பொறி விழும் நேரம், அதாவது டைமிங், மாறும் பாயிண்ட்டை நம்பி அதை மாட்ட முடியாது. கிரைஸ்லர் 1973-லேயே தன் கார்களில் எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் எச்.இ.ஐ. என்ற பெரிய டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்தது.

பழைய வண்டியில் பாயிண்ட்டுக்குப் பதிலாகப் பொருத்தக் கிடைக்கும் கிட்கள், பெர்ட்ரானிக்ஸ் போன்றவை, உள்ளங்கைக்குள் அடங்கும். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த ஹால் விளைவுதான் பலவற்றுக்கும் அடித்தளம்: காந்தப்புலம் மாறுவதை ஒரு சின்னச் சில்லு உணர்ந்து, காயிலின் மின்னோட்டத்தைத் தானே அறுத்துவிடும். ஃபோர்டு எஃப்-100 டிரக்கில் மூடிக்குள் சுழலும் ரோட்டரைத் தூக்கினால் கேம் தலைகாட்டும். காந்தங்கள் பதித்த வளையத்தை அதன்மேல் இறக்கிவிடலாம். செவ்ரலேயில் அது நடக்காது, ஏனென்றால் கேமுக்கு மேலே, வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் அட்வான்ஸ் எடைகள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் கேமின் இரும்பு முகடுகளையே நேரடியாக உணரும் மாட்யூல் போடுகிறார்கள். பாயிண்ட்டும் கண்டன்சரும் கழன்று வரும், மாட்யூல் அதே தட்டில் உட்காரும், இரண்டு ஒயர் காயிலுக்குப் போகும். மூடியைப் போட்டுவிட்டால் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. வேண்டாமென்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். வண்டியின் உடம்பில் ஒரு துளைகூடப் போடாமல் செய்யும் இந்த மாற்றத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இரண்டு ஒயர்தானே என்று அவசரப்படுகிறவர்கள் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். முதலாவது ஒயர். சி-10 டிரக்கில் இன்ஜின் அறையின் பின்சுவரான ஃபயர்வாலிலிருந்து காயிலுக்கு வருவது சாதாரண ஒயர் அல்ல, துணி உறை போட்ட ரெசிஸ்டன்ஸ் ஒயர். பாயிண்ட் சீக்கிரம் கருகிவிடாமல் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த வைத்தது அது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் சொலினாய்டிலிருந்து தனி ஒயர் வழியாகக் காயிலுக்குப் பேட்டரியின் முழு வோல்ட்டும் போகும். சாவியை விட்டதும் வோல்ட் இறங்கிவிடும். அந்த இறங்கிய வோல்ட்டில் மாட்யூலை மாட்டினால் அது அரை வயிற்றுக்காரனாக வேலை செய்யும். ஃபியூஸ் பெட்டியில் இக்னிஷன் முனையிலிருந்து மாட்யூலுக்கென்று புது ஒயர் இழுப்பதே முறை. முழு 12 வோல்ட்டைக் காயிலுக்கும் கொடுப்பதாக இருந்தால், அதைத் தாங்கும் ரெசிஸ்டன்ஸ் உள்ள காயிலைப் போட வேண்டும்.

இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு. புஷ் தேய்ந்து தண்டு பக்கவாட்டில் ஆடினால், கேம் முகட்டுக்கும் மாட்யூலுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். ஆட்டம் பாயிண்ட்டை எப்படிக் கெடுத்ததோ அப்படியே இதையும் கெடுக்கும். மூடியைத் திறந்ததும் ரோட்டரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது, அட்வான்ஸ் எடைகள் துருப்பிடிக்காமல் விரிந்து திரும்புகின்றனவா என்று பார்ப்பது, டைமிங்கை முன்தள்ளும் வாக்குவம் டயாஃப்ரம் கிழியாமல் இருக்கிறதா என்று குழாயை வாயால் உறிஞ்சிப் பார்ப்பது, இவற்றை முடித்த பிறகே கிட்டின் உறையைப் பிரிக்க வேண்டும். மாட்டி முடித்ததும் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் பிடித்து டைமிங்கைப் புதிதாக வைக்க வேண்டும். மாட்யூல் போட்டால் வண்டிக்குப் புதுச் சக்தி வரும் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல நிலையில் சரியாக வைத்த பாயிண்ட் கொடுத்ததைத்தான் மாட்யூலும் கொடுக்கும். கூடுதலாகக் கிடைப்பது, அந்த நல்ல நிலை மாதக்கணக்கில் மாறாமல் நிற்பது. தினமும் சுமை ஏற்றும் டிரக்குக்கு அதுவே பெரிய லாபம்.

எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டரையே முழுதாகத் தூக்கி வைப்பவர்களும் உண்டு. காயில் அதன் தலையிலேயே இருக்கிறது, முழு 12 வோல்ட் வரும் ஒற்றை ஒயர் போதும், வேலை உறுதி. கண்ணுக்குத்தான் அந்தப் பருத்த தலை பழைய இன்ஜினோடு ஒட்டவில்லை. ஃபயர்வாலுக்குப் பக்கத்தில் கை நுழைக்க இருந்த கொஞ்ச இடத்தையும் அது அடைத்துக்கொள்கிறது. உழைக்கும் வண்டிக்குச் சரி, அழகு பார்த்து மீட்டெடுத்த வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தில் பாயிண்ட் இன்னும் மேல். அது கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும். காலையில் கிளம்ப மறுக்கும், மேட்டில் திணறும். ரோட்டோரம் நிறுத்தி முனையைத் தேய்த்து, இடைவெளிக்குத் தீக்குச்சி அட்டையின் ஓரத்தைச் செருகிப் பார்த்து வீடு வந்து சேர்ந்த அமெரிக்க விவசாயிகள் எத்தனையோ பேர். மாட்யூல் பெரும்பாலும் ஒரே நொடியில் நின்றுவிடும், நடுவழியில் அதைத் திறந்து பார்த்துச் செய்ய ஒன்றுமில்லை. முதல் தலைமுறை மாட்யூல்கள், இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் திருப்பி வைத்திருந்தாலே சூடேறிப் போய்விடும். அதனால் அனுபவசாலிகள் கழற்றிய பாயிண்ட்டையும் கண்டன்சரையும் தூக்கி எறிவதில்லை. துணியில் சுற்றி, ஒரு ஸ்குரூடிரைவரோடு டேஷ்போர்டு அறையில் போட்டு வைக்கிறார்கள். பழைய ரெசிஸ்டன்ஸ் ஒயரையும் வெட்டாமல், முனைக்கு டேப் சுற்றி, காயில் அருகிலேயே விட்டுவைக்கிறார்கள். பாயிண்ட்டைத் திரும்ப மாட்டும் நாளில் அந்த ஒயர் இல்லாவிட்டால், மாட்டிய பாயிண்ட் சீக்கிரமே கருகிவிடும்.