விஞ்ஞானக் கதைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜோகுபாளையத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழில் நன்றாகப் பேசுகின்றனர். பேச்சோடு நின்றும் விடுகின்றனர். பள்ளியிலே கன்னடமும் ஆங்கிலமும் கற்பவர்கள், தமிழ் நூலைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவதற்குள் அலுத்துப் போகின்றனர். நீதி நூல்களைக் கொடுத்துப் பார்த்தோம், பயன் சிறிதே. இனி விஞ்ஞானக் கதைகளைக் கொடுத்துப் பார்ப்போம் என்பதே நமது விண்ணப்பம்.

முதலில் கொடுக்கத் தக்கது சுஜாதா அவர்களின் 'என் இனிய இயந்திரா'. 2008-இல் மறைந்த அவ்வாசிரியர் நமக்கு அயலார் அல்லர். இதே நகரத்து ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல்லாண்டு பொறியியலாளராக விளங்கியவர். வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர். 1980-களில் எழுதிய இக்கதையில் மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். கணவனைக் காணாது தவிக்கும் நிலாவுக்குத் துணையாய் வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது நூல்களையும் விரும்பிப் படிக்கிறது. நாய்க்கே படிக்கும் ஆசை பிறக்குமாயின் நம் பிள்ளைக்குப் பிறவாதா? சொற்றொடர்களும் சிறியவை, எழுத்துக் கூட்டுவோர் மூச்சுத் திணறார். சுவை கண்டபின் 'மீண்டும் ஜீனோ'வை அவர்களே கேட்பர். சற்று வளர்ந்தோர்க்கு ஜெயமோகன் அவர்களின் 'விசும்பு' உண்டு.

காலப் பயணத்தை விரும்புவோர்க்கு 1895-இல் வெல்ஸ் எழுதிய 'கால இயந்திரம்'. கதைத் தலைவன் 8,02,701-ஆம் ஆண்டுக்கே சென்று, மனித இனம் இரண்டாய்ப் பிரிந்து கிடக்கக் காண்கிறான். கடலை விரும்புவோர்க்கு ஜூல்ஸ் வெர்ன். அவருடைய நீர்மூழ்கித் தலைவன் நெமோ, 1857 கிளர்ச்சியில் ஈடுபட்ட பந்தேல்கண்டு இளவரசன் என்பது பின்னொரு நூலில் வெளிப்படுகிறது. இந்திய வாசகர் இதனை அறியாமற் போவது வியப்பே!

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்வோம். ரொக்கையா பேகம் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் சென்னைப் பெண்கள் இதழொன்றில் வெளிவந்தது. அந்நாட்டில் ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்டிர் வெயிலின் வெப்பத்தைக் கொண்டு அடுப்பெரிக்கின்றனர். (ஆடவர் சிலர் இங்கே தலை குனிவது தெரிகிறது!)

ஆங்கில நூலாயின் பெரியோர் படித்துத் தமிழிலே கதை சொல்லலாம். தமிழ் நூலாயின் இரவு உணவுக்குப் பின் ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் பாட்டனார் என மாறி மாறிப் படிக்கலாம். பிழை திருத்துவதை மட்டும் பக்கம் முடியும்வரை ஒத்தி வைப்போம்.

ஜீனோவின் கதை இம்மேசை மீது இருக்கிறது. முதலில் வந்து கேட்கும் பிள்ளைக்கு அது உரியது.